சொதி லீக்

2025 மாசி மாதத்தில் என் தங்கை மகளுக்குப் பாளையங்கோட்டையில் விவாகம் நடந்து, மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் சங்கமித்த சொதியை இஞ்சிப் பச்சடியோடு மூன்றாம் முறையாக நான் வாங்கிக்கொண்டிருந்த வேளையில்தான், மணப்பெண்ணின் தமையனும் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்ப்பவனுமாகிய என் மருமகன் இலைக்கு எதிரே வந்து குனிந்து, "மாமா, ஒரு லீக் ஆரம்பிக்கோம், நீங்களும் ஒரு டீமுக்கு ஓனர்" என்றான். சொதி உண்ட மயக்கத்தில் மனிதன் எதற்கும் சம்மதிப்பான். நானும் சம்மதித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். ஐ.பி.எல். ஆட்டக்காரர்களை நாமே ஏலம் கேட்டு மனோராஜ்யத்தில் ஓர் அணி அமைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் மெய்யான மைதானத்தில் வெயிலில் நின்று சம்பாதிக்கும் ரன்களும் விக்கெட்டுகளும் நம் கணக்கில் புள்ளிகளாக வரவாகும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயலை வைத்துக்கொண்டு, வரப்பில் ஒரு நாளும் கால் வைக்காமல், காருக்கும் பிசானத்துக்கும் நெல் வண்டி வாசலில் வந்து நிற்குமா என்று திண்ணையிலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவின் பேரனாகிய எனக்கு இந்த ஏற்பாட்டின் தத்துவம் உடனே விளங்கிவிட்டது. ஆகவே ஏலப்பணத்துக்கு 'கோட்டை நெல்' என்று நானே நாமகரணமும் செய்தேன். ஆளுக்கு 100 கோட்டை, 11 ஆட்டக்காரர். ரன்னுக்கு 1 புள்ளி, விக்கெட்டுக்கு 25, நாம் தலைவனாகக் குறித்தவனுக்கு எல்லாம் இரட்டிப்பு.

இந்த வித்தையை இன்றைய உருவத்தில் பிரபலமாக்கியவர் டேனியல் ஓக்ரெண்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர், பேஸ்பால் பித்தர். அவரும் சிநேகிதர்களும் நியூயார்க்கில் 'லா ரொட்டிசெரி ஃபிரான்சேஸ்' என்ற போஜன சாலையில் கூடிப் பேசி 1980-இல் தொடங்கியதால், அதற்கு 'ரொட்டிசெரி லீக்' என்றே பெயர் நிலைத்தது. ரொட்டிசெரி என்றால் மாமிசத்தைக் கம்பியில் கோத்துச் சுழற்றிச் சுடுகிற இடமாம். அந்த நியாயப்படி எங்களுடையது சொதி லீக். காசு கிடையாது, கடைசி இடத்துக்கு வருபவர் முதலிடத்துக்கு வருபவருக்கு அரைக் கிலோ இருட்டுக்கடை அல்வா வாங்கித் தர வேண்டும். (பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் சட்டமியற்றித் தடுத்தபோது, பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் கலங்க, எங்கள் லீக் மட்டும் நெய் ஒழுக நிம்மதியாக இருந்தது.)

எட்டாவது ஆள் குறைந்ததால் என் மனைவியையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்.பி.டபிள்யூ. என்பது மின்சார வாரியத்தின் ஒரு பிரிவு என்று நெடுங்காலம் நம்பியிருந்தவள் அவள்.

ஏலத்தில் நான் சாஸ்திரோக்தமாகவே நடந்துகொண்டதாக இன்றும் கருதுகிறேன். தாழையூத்துச் சங்கர் நகரில் 1949 முதல் புகை விடும் சிமெண்டு ஆலையின் சொந்தக்காரர்களான இந்தியா சிமெண்ட்ஸ்தான் 2008-இல் சென்னை அணியை விலைக்கு வாங்கியது என்பதால், அந்த அணி எங்கள் ஜில்லாவின் சம்பந்தி என்பது என் கட்சி. சம்பந்தியைக் கைவிடலாகாது. தோனிக்கு 28 கோட்டை, ருதுராஜ் கெய்க்வாடுக்கு 30. கெய்க்வாடையே தலைவனாகவும் பட்டம் கட்டினேன். "மாமா, தோனி எட்டாவது ஆளா வாராரு. பாசத்துக்கெல்லாம் புள்ளி கெடையாது, கேட்டியளா" என்று மருமகன் எச்சரித்தான். கேட்கவில்லை.

என் மனைவியோ பட்டியலை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் பிடித்து, அரிசியில் கல் பொறுக்குகிறாற்போல் ஒவ்வொரு பெயராக விரலால் தள்ளிக்கொண்டு போய், சாய் சுதர்சன் என்ற இடத்தில் நிறுத்தினாள். "பேருலயே சாயியும் இருக்கு, சக்கரமும் இருக்கு. இந்தப் பிள்ள எனக்கு." அடுத்து பிரசித் கிருஷ்ணா. ஏன் என்று கேட்டதற்கு, "ஏலத்துல ஒரு தரம் கிருஷ்ணான்னு கூப்பிட்டாலும் புண்ணியந்தான" என்றாள், அசல் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மருமகன் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறான். குடும்ப விசேஷங்களில் அவ்வப்போது போட்டுக் காட்டுகிறான்.

பிறகு நடந்தது தேசமே அறிந்தது. முழங்கையில் முறிவு கண்டு, ஐந்து ஆட்டங்களோடு கெய்க்வாடுக்கு அந்தப் பருவமே போயிற்று. 18 ஆண்டுச் சரித்திரத்தில் முதல் தடவையாகச் சென்னை அணி பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்தது. சாய் சுதர்சன் 759 ரன் குவித்து ஆரஞ்சுத் தொப்பியையும், பிரசித் கிருஷ்ணா 25 விக்கெட் வீழ்த்தி ஊதாத் தொப்பியையும் சூடிக்கொண்டார்கள். கலியுகத்தில் நாம ஸ்மரணையே போதும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான் போலும்.

மே 25-ஆம் தேதி சென்னைக்கும் குஜராத்துக்கும் நடந்த ஆட்டம்தான் என் சித்தத்தின் விகாரத்தை எனக்கே காட்டியது. சென்னையின் கடைசி ஆட்டம். 230 ரன் எடுத்து, 83 ரன்னில் ஜெயித்த ஆட்டம். ஆனந்தப்பட வேண்டிய நான், எதிரணியில் சுதர்சன் ஒவ்வொரு ரன்னாகச் சேர்த்து 41 வரை போனபோது, அடுக்களை வாசலில் கரண்டியும் கையுமாக நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்த சகதர்மிணியின் குரலைக் கேட்டு, "இவன் தொலைய மாட்டானா" என்று நெல்லையப்பரையே பிரார்த்தித்தேன். நம் மாநிலத்துப் பிள்ளை. சென்னை ஜெயித்ததை மறுநாள் காலைப் பத்திரிகை பார்த்துத்தான் மனம் ஏற்றுக்கொண்டது.

எட்டாம் இடம் எனக்கு. மாலை ஐந்து மணிக்குக் கீழ ரத வீதி வரிசையில் நின்று, சூடான அரைக் கிலோவை வாங்கி வந்து மனைவியிடம் சமர்ப்பித்தேன். அவள் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்துக் காரணத்தையும் சொல்லிவிட்டு வந்தாள். ஓக்ரெண்டும் தாம் தொடங்கிய லீக்கில் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லையாம். அவர் வீட்டில் என்ன சொன்னார்களோ!

அடுத்த ஏலம் நெருங்குகிறது. முருகன், சுப்பிரமணியன், சிவன் என்று திருநாமம் தாங்கிய, சுமாராகவேனும் பந்து வீசத் தெரிந்த ஆட்டக்காரர் எவரேனும் பட்டியலில் இருப்பதாக அறிந்த வாசகர்கள் தயை கூர்ந்து எனக்கு ஒரு வரி எழுத வேண்டும். உறையின் மேல் என் பெயரை மட்டும் எழுதுங்கள்; கடிதம் மனைவி கைக்குப் போய்விடக் கூடாது.