கூடப் படிக்கிற அம்மா

பெங்களூரு பொம்மனஹள்ளியில் அமெரிக்க இலக்கியம் படிப்பவர்கள் யார் யார் என்று கணக்கெடுக்கப் போனால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெயரைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். தப்பான கணக்கு. பிள்ளை படிப்பது கைடு. அதிலும் டியூஷனில் பென்சிலால் டிக் அடித்துக் கொடுத்த கேள்விகள் மட்டும். பாடத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஆள் வீட்டில் ஒருவர்தான் உண்டு: கூடப் படிக்கிற அம்மா. தர்மபுரிப் பக்கமோ சேலத்துப் பக்கமோ தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடித்து, கல்யாணமாகி, ஓசூர் ரோட்டோரத்து அடுக்குமாடியில் வந்து சேர்ந்தவர். மகளைக் கேள்வி கேட்க வேண்டுமே என்று புத்தகத்தைத் திறந்தவர், அப்புறம் மூட மறந்துவிட்டார். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'ஹானர்ஸ் இங்கிலீஷ்' என்று ஒரு வகுப்பு உண்டு. கஷ்டமான பாடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு படிக்கும் பிள்ளைக்குப் பல பள்ளிகள் மதிப்பெண் கணக்கில் கொஞ்சம் கூட்டிப் போடும். நம் சி.பி.எஸ்.இ.யில் அந்தப் பெயரில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஹானர்ஸ் இங்கேயும் நடக்கத்தான் செய்கிறது. மூன்றாவது விசிலுக்கும் நான்காவது விசிலுக்கும் நடுவே, கூட்டிப் போட ஆளில்லாமல்.

இந்த அம்மாவைக் கிண்டல் செய்வது சுலபம். 'ஹெம்லாக்'கை அவர் உச்சரிக்கிற விதத்துக்கே மகள் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் கைடையும் அம்மாவையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பார்த்தால், பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அம்மாதான். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ராபர்ட் ஃப்ராஸ்ட் எழுதிய 'டஸ்ட் ஆஃப் ஸ்னோ' இருக்கிறது. எட்டே வரி. ஹெம்லாக் மரத்திலிருந்து ஒரு காக்காய் பனித்தூளை உதறிவிடுகிறது, அது ஒருவன் மேல் விழுகிறது, அதுவரை வீணாய்ப் போன நாள் கொஞ்சம் தேறுகிறது. கைடு என்ன சொல்லும்? ஹெம்லாக் நஞ்சு, காக்காய் அபசகுனம், இரண்டு கெட்டதும் சேர்ந்து நல்லது செய்தன. ஐந்து மதிப்பெண். அம்மாவுக்கு இங்கேதான் உதைக்கும். போனில் ஹெம்லாக் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "இது கொத்தமல்லி பூத்த மாதிரி இருக்கேடி, இதுல காக்கா உக்காந்தா செடி சாஞ்சிடாது?" என்பார். தாவரவியல் படித்தவர் சொல்ல வேண்டியதை இவர் சட்னி அரைக்கிற அனுபவத்தில் சொல்லிவிட்டார். சாக்ரட்டீசுக்குக் கொடுத்ததாகச் சொல்லும் நஞ்சுச் செடி கொத்தமல்லிக் குடும்பம்தான். ஃப்ராஸ்டின் ஹெம்லாக் வட அமெரிக்காவில் வளரும் ஊசியிலை மரம், அதில் நஞ்சு கிடையாது. பெயர் ஒன்றாக இருப்பதால் கைடு எழுதியவர் மரத்தையும் செடியையும் ஒன்றாக்கிவிட்டார். காக்காய் விஷயத்தில் அம்மா இன்னும் கறார். அமாவாசைக்கு அதற்கு வைத்துவிட்டுத்தானே நாம் சாப்பிடுகிறோம், அது எப்படி அபசகுனமாகும்? தலைக்கு மேலிருந்து வெள்ளையாய்த் தூவியது அட்சதைதான் என்பது அவர் கட்சி. காக்காய் தலையில் தட்டினால் கெடுதல் என்றும் நம்மவர்கள் சொல்வார்களே என்று மடக்கினால், "தட்டலையே, தூவித்தானே விட்டுச்சு" என்பார். பாட்டில் அந்த ஆளின் மனசு லேசாவதற்கு இதைவிட நேரான காரணம் எந்தக் கைடிலும் கிடைக்காது.

ஃப்ராஸ்ட் பாவம், பொம்மனஹள்ளிக்காகவே எழுதியவர் போலிருக்கிறார். பல ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்த 'தி ரோட் நாட் டேக்கன்' பாட்டைப் பள்ளி ஆண்டு விழா மேடைகளில் ஒரு தன்னம்பிக்கைச் சுவரொட்டியாகவே மாற்றிவிட்டார்கள்: யாரும் போகாத வழியில் போ, வெற்றி உனதே. பாட்டிலோ இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தேய்ந்திருக்கின்றன. அதைச் சொல்லிவிட்டுத்தான், பிற்காலத்தில் பெருமூச்சோடு வேறு மாதிரி கதை சொல்லப்போகிறேன் என்கிறான் அந்த ஆள். எட்வர்ட் தாமஸ் என்ற ஆங்கிலேய நண்பர், எந்தப் பாதையில் நடந்தாலும் அடுத்த பாதையில் போயிருக்கலாமே என்று புலம்புவாராம்; அவரைச் சீண்டத்தான் ஃப்ராஸ்ட் 1915-இல் இதை வெளியிட்டார். இந்தப் பின்கதை எதுவும் தெரியாமலே கூடப் படிக்கிற அம்மாவுக்கு விஷயம் பிடிபடும். சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிற வீட்டுக்காரர், சுமார் பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்தில் டோல் கொடுத்துப் போனால் கீழேயே போயிருக்கலாம் என்பார்; கீழே போனால் மேலே போயிருக்கலாம் என்பார். 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கியபின் புலம்ப மூன்றாவது வழியும் கிடைத்திருக்கிறது. "உங்கப்பாதான்டி இது" என்று அம்மா சொன்னால், மகள் அதை விடைத்தாளில் எழுத முடியாது. ஆனால் அதுதான் விடை.

பன்னிரண்டாம் வகுப்பில் ஜாக் ஃபின்னியின் 'தி தேர்ட் லெவல்' வரும். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இல்லாத மூன்றாம் தளத்துக்குள் ஒருவன் புகுந்து, 1894-ஆம் ஆண்டுக் கேல்ஸ்பர்க் ஊருக்கு டிக்கெட் கேட்கிற கதை. நவீன வாழ்க்கையின் பதற்றத்திலிருந்து தப்பித்தல் என்று கைடு ஒரு வரியில் முடித்துவிடும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர் ரோட்டில் பையும் கையுமாய்ச் சேலம் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவருக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? அம்மா சிரிப்பதெல்லாம் கதையில் வரும் மனநல மருத்துவரைப் பார்த்துத்தான். எல்லாம் உன் கற்பனை என்று புத்தி சொன்னவர், சத்தமில்லாமல் பழைய நோட்டு மாற்றிக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் அந்த ஊரில் வைக்கோல் வியாபாரம் ஆரம்பித்துவிடுகிறார்.

ஏட்ரியன் ரிச் 1951-இல் வெளியிட்ட 'ஆன்ட் ஜெனிஃபர்ஸ் டைகர்ஸ்' வரும்போது அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். அது அவர் தொழில். கல்யாண ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிற கைக்கு, கம்பளி நூலில் புலி பின்னுகிற ஜெனிஃபரின் விரல் ஏன் ஊசியை இழுக்கத் திணறுகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். கல்யாண மோதிரத்தின் பாரத்தைக் கைடு 'ஆணாதிக்கத்தின் குறியீடு' என்று ஒரே வார்த்தையில் மடித்துவைக்கும். அம்மாவுக்கு அது முதலில் மோதிரம். ஆரி ஊசி பிடிக்கும்போது அவர் கழற்றி ஸ்டிக்கர் பொட்டு டப்பாவில் போட்டுவைப்பாரே, அந்த மாதிரி மோதிரம். நூல் மாட்டும் என்று தெரிந்தும் இவள் ஏன் கழற்றவில்லை என்பது அவர் கேள்வி. பாட்டு நிற்பதே அந்தக் கேள்வியின் மேல்தான். செத்த பிறகும் மோதிரம் அந்தக் கையை விடப்போவதில்லை. துணியில் பின்னிய புலிகள் மட்டும் பயமில்லாமல் திரியும் என்று முடிகிறது. புலி துணியில்தான் திரியும் என்பதைப் பொம்மனஹள்ளிக்காரர் யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 2016 ஏப்ரலில், வருங்கால வைப்பு நிதியில் முதலாளி கட்டும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற புது விதியை எதிர்த்து, இந்த ஊர் கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து ஓசூர் ரோட்டை அடைத்தார்கள். இரண்டாம் நாளே மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது.

இதற்கெல்லாம் மார்க் வருமா என்பதுதான் டியூஷன் உலகத்தின் ஒரே ஆட்சேபம். வராது, அது அம்மாவுக்கும் தெரியும். அட்சதையும் கொத்தமல்லியும் சமையலறையோடு சரி. தேர்வுக்கு முந்தின நாள் "அபசகுனம்னே எழுதிட்டு வா" என்று அனுப்பிவைக்கிற விவரம் அவருக்கு உண்டு. இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. எந்தக் கதையையும் தன் வீட்டு வாசலுக்கு இழுத்துவந்து கட்டுவது வாசிப்பாகுமா? சில சமயம் ஆகாதுதான். பெர்ல் பக்கின் 'தி எனிமி'யில், குண்டடிபட்ட எதிரி நாட்டு அமெரிக்கனுக்கு ஒரு ஜப்பானிய டாக்டர் போர்க்காலத்தில் ரகசியமாய் வைத்தியம் பார்க்கிறார். அது பிடிக்காமல் வீட்டு வேலைக்காரர்கள் விலகிப்போகிறார்கள். அம்மாவுக்குப் போர், துரோகம், மனிதாபிமானம் எல்லாம் பின்னால் போய்விடும். சமையல்காரரும் போயாச்சு, ஆயாவும் போயாச்சு, இனி அந்த டாக்டர் பெண்டாட்டி என்ன பாடுபடுவாள் என்பதிலேயே நின்றுவிடுவார். வேலைக்கு ஆள் கிடைக்காத பெங்களூரு அடுக்குமாடியின் ஒப்பாரி அது, இலக்கியமல்ல. ஆனாலும் கதையைப் படித்தவர் செய்கிற தப்பு அது. கதையையே படிக்காதவருக்கு அந்தத் தப்பைச் செய்யும் யோக்கியதை கூடக் கிடையாது.

அதே பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பெண்களை ஒரே பாடத்தில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஒருவர் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஜிட்கலா ஷா. மற்றவர் நம் பாமா. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்த புத்தகம். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். பள்ளியில் கன்னடமும் இந்தியும் படிக்கிற மகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பதால், தமிழ்நாட்டுக் கிராமத்துத் தெரு அவளுக்கு ஆங்கில வழியாகத்தான் வந்து சேர்கிறது. வீட்டில் மூலத்தைப் படிக்கக்கூடியவர் அம்மா ஒருவரே. பாடத்தின் முதல் பாதியான ஜிட்கலா ஷாவை அவர் பிரமாதமாய் நடத்துவார். விடுதிப் பள்ளியில் அந்தச் சின்னப் பெண்ணை நாற்காலியில் கட்டிவைத்து ஜடையை வெட்டுகிற இடத்தில், கேதம் உள்ளவர்கள்தான் முடியைக் குறைப்பார்கள் என்பது அவள் இனத்து வழக்கம் என்று வருகிறது. அதைப் படிக்கும்போது அம்மாவின் கை தானாக மகளின் பின்னலுக்குப் போகும். அடுத்த பாதி பாமா. அவர் தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய சரட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் நீட்டுகிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது; அது சிரிக்கிற விஷயமில்லை என்று அண்ணன் விளக்குகிறான். இந்த இடத்தில் அம்மா விளக்கம் எதுவும் சொல்வதில்லை. சிங்க்குக்குப் பக்கத்து ஜன்னல் திண்டில், வேலைக்கு வருகிற அக்காவுக்கான எவர்சில்வர் டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும். மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து அதைப் பார்ப்பாள், அப்புறம் அம்மாவைப் பார்ப்பாள்.

"கைடுல என்ன போட்டிருக்கோ, அதையே எழுது" என்பார் அம்மா.