கொக்கு பறந்தது, கோபுரம் நகர்ந்தது

1800 வருஷப் பழமை என்று நம்பி டிக்கெட் வாங்கி உள்ளே போனால், லிஃப்ட் இருக்கிறது! சீனாவின் வூஹான் நகரத்தில், யாங்சே நதியைப் பார்த்தபடி பாம்புக் குன்றின் மேல் நிற்கும் மஞ்சள் கொக்கு கோபுரத்தைத்தான் சொல்கிறேன். வளைந்த கூரை, மஞ்சள் ஓடு, சிவப்புத் தூண்... அப்படியே ராஜா காலம். தூணைத் தட்டிப் பாருங்கள், கான்க்ரீட். கட்டி முடித்த வருஷம் 1985.

முதல் கோபுரத்தைக் கட்டியவர் ராஜா சுன் குவான். வருஷம் கி.பி. 223. மூன்று ராஜ்யங்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்த நேரம். நிலா, நதி, கவிதை என்ற சபலமெல்லாம் மனுஷருக்கு இல்லை. எதிரிப் படகு வருகிறதா என்று பார்க்க ஒரு காவல் கோபுரம், அவ்வளவுதான். எதிரிகள் ஓய்ந்த பிறகு கவிஞர்கள் வர ஆரம்பித்தார்கள். அவர்களைத் தடுக்க ஒரு ஏற்பாடும் செய்யாமல் விட்டுவிட்டார், பாவம்!

ஊர் சொல்லும் கதை வேறு. ஸின் என்பவர் அங்கே சாராயக் கடை வைத்திருந்தாராம். ஒரு தாவோ சாமியார் வந்து வந்து குடிப்பார், காசு தரமாட்டார், ஸின்னும் கேட்கமாட்டார். (இது புராணம் என்று இந்த இடத்திலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.) ஒருநாள் சாமியார் பாக்கியைத் தீர்க்க, கையில் கிடைத்த ஆரஞ்சுத் தோலால் சுவரில் ஒரு கொக்கு வரைந்தார். கொக்கு மஞ்சளானது அப்படித்தான். கை தட்டினால் கொக்கு இறங்கி டான்ஸ் ஆடும். கூட்டம் அள்ளியது, ஸின் பணக்காரர் ஆனார். பத்து வருஷம் கழித்து சாமியார் திரும்பி வந்து, புல்லாங்குழல் ஊதி, கொக்கின் முதுகில் ஏறிப் பறந்துவிட்டார். அந்த ஞாபகமாக ஸின் எழுப்பியதுதான் கோபுரமாம். ஆக, ராஜா போட்ட அஸ்திவாரத்துக்குச் சாராயக் கடைக்காரர் பட்டா வாங்கிவிட்டார்.

எட்டாம் நூற்றாண்டில் சுய் ஹாவ் என்ற கவிஞர் மேலே ஏறினார். போன கொக்கையும் கண்ணுக்குத் தெரியாத சொந்த ஊரையும் நினைத்து உருகி, எட்டு வரி எழுதிவிட்டு இறங்கினார். பின்னாலேயே வந்தார் லி பாய். சீனக் கவிதையின் சூப்பர் ஸ்டார். கோப்பையைத் தொட்டாலே கவிதை கொட்டும். அவர் தூரிகையை எடுத்தார், தலையைத் தூக்கினார், சுய் ஹாவின் வரிகளைப் பார்த்தார். இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது என்று தூரிகையைக் கீழே வைத்துவிட்டாராம். ஆகா, என்ன அடக்கம்!

அவசரப்படாதீர்கள். இதே கோபுரத்தில் நண்பர் மெங் ஹாவ்ரனை வழியனுப்பி லி பாய் எழுதிய கவிதையைச் சீனப் பிள்ளைகள் இன்றைக்கும் பள்ளியில் மனப்பாடம் செய்கிறார்கள். அதோடும் ஆறவில்லை. நான்ஜிங் போய், ஃபீனிக்ஸ் மேடையைப் பற்றி சுய் ஹாவ் பாணியிலேயே இன்னொன்று போட்டார். இவ்வளவு எழுதியும், கோபுரப் பூங்காவில் ஒரு மண்டபம் நிற்பது அவர் தூரிகையைக் கீழே வைத்த அந்தக் கணத்துக்குத்தான். எழுதாததற்கெல்லாம் மண்டபம் என்றால் நம் எல்லோருக்கும் தெருவுக்கு ஒன்று கட்டவேண்டியிருக்கும்.

மரக் கோபுரம், அடிக்கடி போர். எரியும், கட்டுவார்கள், மறுபடி எரியும். தாங், சோங், மிங், சிங் என்று ஒவ்வொரு வம்சத்துக் காலக் கோபுரத்துக்கும் இப்போதைய கோபுரத்துக்குள்ளேயே மாடல் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் ஜாடை இன்னொன்றில் இல்லை. பாஸ்போர்ட் ஆபீசில் நீட்டினால் அத்தனையும் ரிஜெக்ட். கடைசியாக 1868-ல் கட்டியது 1884-ல் சாம்பலானது.

காலி இடத்தைப் பார்த்தால் பெரிய மனிதர்களின் ஆட்களுக்குக் கை அரிக்கும். 1907 வாக்கில் கவர்னர் ஜாங் ஜிதுங்கின் பெருமை பாட, அவர் அபிமானிகள் பக்கத்திலேயே ஒரு மாளிகை எழுப்பினார்கள். ஜனங்கள் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்கள்: “அடடா, மஞ்சள் கொக்கு கோபுரம்!”

மாவோ வராமல் இருப்பாரா? 1927-ல் கோபுரத்தின் பெயரிலேயே கவிதை எழுதினார். கோபுரம் எரிந்து அப்போது 43 வருஷம். பிறகு ஆட்சிக்கு வந்து, 1956-ல் யாங்சே மேல் எழும்பிக்கொண்டிருந்த பாலத்தையும் கவிதையில் பாராட்டினார். பாலம் 1957-ல் திறந்தது. அது கால் ஊன்றிய இடம் எது என்கிறீர்கள்? பழைய கோபுரத்தின் இடமேதான்!

அதனால் 1981-ல் வேலை தொடங்கியபோது சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய், 51 மீட்டர் உயரத்தில், வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து மாடியாகக் கட்டினார்கள். உச்சியில் நின்று பாருங்கள். எதிரிப் படகும் இல்லை, கொக்கும் இல்லை. தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்ட பாலத்தைத்தான் கோபுரமே முழு வ்யூவில் காட்டுகிறது. ஜனங்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

போலி என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு குடிகாரச் சாமியார் கதையும் எட்டு வரிக் கவிதையும் மட்டும் எந்தத் தீயிலும் கருகவில்லை. கோபுரம் அவற்றை மாட்டி வைக்க அடித்த ஆணி. ஆணி துருப்பிடித்தால் வேறு ஆணி, வேறு சுவர். வூஹான்காரர்களுக்கு அதில் நல்ல பழக்கம்.