அருவிக்கு ஐந்து நிமிடம்

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர். இந்த இடைவெளியிலும் அதன் ஓரங்களிலும் மேலகரம், நன்னகரம், காசிமேஜர்புரம், இலஞ்சி, ஆயிரப்பேரி என்று ஊர்கள் உண்டு. சென்னையிலோ மும்பையிலோ உத்தியோகம் பார்த்து முடித்துவிட்டு, மிச்சக் காலத்தைச் சத்தமில்லாமல் கழிக்க நினைப்பவர் வீடு தேடும் வட்டாரம் இது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானதும் அமைதியின் விலை ஏறியது. மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் வைத்த பிறகு, ஆடு மேய்கிற தரிசுக்கும் ‘ஐ.டி. பக்கம்’ என்று ஒரு தனி விலை உண்டாயிற்று.

வீடு வாங்கும் ஆசை பெரும்பாலும் ஆனி மாதத்தில் பிறக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சத்தைச் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரலாக அனுப்பும் காலம் அது. வெயில் தெரியாது, வியர்வை கிடையாது, மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கும். அருவியில் குளித்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டவர், கை கழுவும்போதே ‘இங்கேயே ஒரு இடம் வாங்கிப் போட்டால் என்ன’ என்று கேட்டுவிடுகிறார். அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாரும் கிரயம் பேசுவதில்லை. ஆவணியில் முன்பணம் கொடுத்து, புரட்டாசியைத் தள்ளி, பத்திரம் முடித்து, தையில் பால் காய்ச்சுகிறார்கள். பங்குனி வாக்கில் பேரருவியைப் பார்க்கப் போனால் பாறை இருக்கும். ஆசைப்பட்ட ஊரும் குடிவந்த ஊரும் ஒன்றுதான் என்று வீட்டுக்காரரை நம்பவைக்க அடுத்த சாரல் வரவேண்டும்.

பிரிட்டனில் வீட்டு வாசலில் பலகை நட்டிருந்தால் வீடு விற்பனைக்கு என்று பொருள். தமிழ்நாட்டில் காலி மனையில் பலகை நட்டிருந்தால் அதில் பெரும்பாலும் ‘இந்த இடம் விற்பனைக்கு அல்ல’ என்றிருக்கும். விற்கிற இடத்துக்குப் பலகை தேவையில்லை, டீக்கடைக்குத் தெரியும். டீக்கடையிலிருந்து புரோக்கர் வருவார். அவர் அகராதியில் எல்லா மனைகளும் அருவிக்கு ஐந்து நிமிடம். இது சீசன் இல்லாத நாளில், அதிகாலையில், காற்றும் உதவினால் உண்மை. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அதே ஐந்து நிமிடத்தில் முன்னால் நிற்கும் வேனின் பின்கண்ணாடி வாசகத்தைப் படித்து முடிக்கலாம்.

பிறகு காகிதங்கள். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் என எல்லாம் ‘கிளியர் அண்ணாச்சி’ என்பார் புரோக்கர். ஒரேயொரு கையெழுத்துதான் பாக்கியிருக்கும். அது பம்பாயிலிருக்கும் சித்தப்பா மகனுடையதாக இருக்கும். அந்தச் சித்தப்பா மகன் இருபது வருடமாக ஊருக்கு வந்திருக்கமாட்டார். மனை விற்கிறது என்று தெரிந்ததும் ஊர்ப்பாசம் பொங்கி வருவார். அனுமதி பெறாத மனைப்பிரிவில், 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகவே பதிவாகாத மனையைப் பதிய முடியாது என்பதையும் பார்க்கவேண்டும். மலையடிவாரக் கிராமமாக இருந்தால் மலையிடப் பாதுகாப்புக்கான விதிகள் பொருந்துமா என்பதையும், பொருந்தினால் வனத்துறை முதல் கனிமவளத்துறை வரை தடையின்மைச் சான்று இருக்கிறதா என்பதையும் கேட்கவேண்டும். கேட்டால் புரோக்கரின் முகம் வாடும். அதற்காகக் கேட்காமல் விடக்கூடாது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு. தரகு 2 விழுக்காடு என்று தொடங்கும்.

மனையில் தனிச் சிறப்புடையது ‘மலை வியூ’. அதற்குச் சென்ட்டுக்குக் கூடுதல் விலை. மேற்குத் தொடர்ச்சி மலை, பெயரே சொல்வதுபோல, மேற்கே இருக்கிறது. வாஸ்து பார்க்கிறவர் கிழக்குப் பார்த்த வாசலே உத்தமம் என்று சொல்லிவிடுகிறார். ஆகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய மலைக்கு வீடு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மேற்கே ஒரு ஜன்னல் வைத்தாலும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் அடிக்கும் என்று அதைச் சாத்தித்தான் வைக்கவேண்டும். மலையைப் பார்க்க எஞ்சியிருக்கும் இடம் மொட்டைமாடி. துணி எடுக்கப் போகும்போது பார்க்கலாம்.

துணி காய்ந்திருக்காது என்பது வேறு விஷயம். சாரல் காலத்தில் துண்டு மூன்று நாள் கொடியில் கிடக்கும். தோல் பெல்ட்டிலும் புத்தக அட்டையிலும் பூஞ்சை படரும். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் காற்றை ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்; அதே காற்று நடுச்சாமத்தில் அடுக்களைக் கதவை அறையும்போது பெருமை சற்றுக் குறையும். குரங்குகள் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கத் தெரிந்தவை, மூடத் தெரியாதவை. இத்தனை அருவி இருக்கும் ஊரிலும் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இவையெல்லாம் பழகிவிடும். பழகாதது தொலைபேசி. ஜூன் முதல் வாரத்தில் அது அடிக்கத் தொடங்கும். “அத்தான், குத்தாலத்துல தண்ணி எப்படி விழுது?” இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. நன்றாக விழுகிறது என்றால் குளிக்க வருவார்கள். சுமாராக விழுகிறது என்றால் கூட்டம் இருக்காது என்று வருவார்கள். வெள்ளம், குளிக்கத் தடை என்றால் இன்னும் ஆபத்து: ஏற்கெனவே வந்திருப்பவர்கள் தடை நீங்கும்வரை தங்கிவிடுவார்கள். பதில் சொல்பவர் அருவிப் பக்கம் போயே பல மாதம் ஆகியிருக்கும். தொலைக்காட்சியில் பார்த்துத்தான் சொல்கிறார்.

குற்றாலத்தில் விருந்தோம்பலுக்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு. ரசிகமணி டி.கே.சி. இங்கே குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் அவர் விருந்தினராக வந்தார்கள். அந்த வீட்டில் இலையில் சாப்பாடும், சாப்பாட்டுக்கு மேல் கம்பனும் கிடைத்தன. இன்றைய விருந்தினருக்குக் கம்பன் வேண்டாம். மங்குஸ்தானும், ஊருக்குக் கொண்டுபோக நேந்திரம் சிப்ஸும் போதும். ஆவணி நடுவில் கடைசி கார் கிளம்பியதும் ஊர் அடங்குகிறது. விலை கொடுத்து வாங்கிய அமைதி அப்போதுதான் கைக்கு வருகிறது. ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் அது கிடைக்கிறது என்பதால், கொடுத்த விலை அதிகமில்லை.

இந்த வட்டாரத்தில் உறவினர் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரும்போது அவரவர் துண்டைக் கொண்டு வாருங்கள். இங்கே உள்ளவை இன்னும் காயவில்லை.