மாயாமாளவகௌளையின் அடக்க விலை

பாட்டு டீச்சரிடம் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்க யாருக்கும் நா எழுவதில்லை. கேட்டாலும் பலர் "உங்க இஷ்டம்" என்பார்கள். உலகத்திலேயே ஆகப் பெரிய தொகை அந்த 'உங்க இஷ்டம்'தான். குறைத்துக் கொடுத்தால் கலையை அவமதித்த பாவம் சேரும், கூட்டிக் கொடுத்தால் வீட்டில் மரியாதை போகும்.

எங்கள் நங்கநல்லூர் மாமி அந்த ரகமில்லை. விஜயதசமி அன்று வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு போய் நின்றபோதே, "வாரம் ரெண்டு கிளாஸ், முக்கால் மணி. மாசம் ரெண்டாயிரம். மார்கழியில கச்சேரி இருக்கும், லீவு விடுவேன். அதுக்காக ஃபீஸைக் கழிக்கப்படாது" என்று, வாழைப்பழம் கனிந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தபடியே சொல்லிவிட்டார்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வீட்டுக்கு வருவதற்குள் வகுத்துவிட்டேன். ஒரு கிளாஸ் 250 ரூபாய். அதிலும் என் பெண் தண்ணீர் குடிப்பது, சுருதிப் பெட்டிக்கு பிளக் பாயிண்ட் தேடுவது, "நேத்திக்குத் தொண்டை கட்டிண்டுது மாமி" என்று வாக்குமூலம் கொடுப்பது எல்லாம் போக, பாட்டு அரை மணிதான் தேறும். அந்த அரை மணியில் கிடைப்பது ஸரிகமபதநிஸ. ஏறிய படியிலேயே இறங்கி வருவதற்கும் அதே சார்ஜ்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று இந்தப் பாடத்தை மாயாமாளவகௌளை ராகத்தில் ஏற்படுத்தி வைத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பார்கள். பாடுவதற்கு முன்பு அவர் வட்டிக்கு விட்டுச் சம்பாதித்த பெரும் கருமி என்றும் கதை உண்டு. அப்பேர்ப்பட்டவரே சும்மா கொடுத்துவிட்டுப் போனதற்கு நான் மாதம் ரெண்டாயிரம் கட்டுகிறேனே என்று முதலில் தோன்றியது. ஆனால் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் புத்தகம் மாற்றி வாங்கச் சொல்கிறார்கள். இங்கே நானூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகப் பாடத்தை மாற்றவில்லை. அந்த அளவுக்கு வரவில் வைத்தேன்.

மாடி வீட்டுப் பையன் கீபோர்டு கற்கிறான். லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சை. இனிஷியல் முடித்து, அப்புறம் எட்டு கிரேடு. புத்தகம் தனி, பரீட்சைக் கட்டணம் தனி. ஆனாலும் ஹாலில் சர்டிபிகேட்டை சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், வருகிறவர்கள் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர்தான்.

என் மச்சான் விவரமானவர். "எல்லாம் யூடியூப்லயே இருக்கு அத்தான், எதுக்குத் தண்டச் செலவு?" என்றார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது, அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அன்று பெண்ணை அழைத்துவரப் போனவன் கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தை தனியாக உட்கார்ந்து பாடினாள். 250 ரூபாயையும் வாங்கிக்கொண்டு அவரைக்காயா என்று நான் மனசுக்குள் ஒரு நோட்டீஸ் தயாரித்துக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து குரல் வந்தது: "தைவதம் தூக்கலா இருக்கு, இறக்கு." எனக்கு எல்லா 'த'வும் ஒரே 'த'வாகத்தான் கேட்டன. மறுபடி பாடினாள். "இன்னும்." மறுபடி. மாமி கத்தியோடு வெளியே வந்து, ப என்று நிறுத்தி, அதை ஒட்டினாற்போல் ஒரு த வைத்தார். "சுத்த தைவதம்மா. பஞ்சமத்தை விட்டு ரொம்ப நகரப்படாது. கீழே ஸவும் ரியும் எப்படி ஒட்டிண்டிருக்கு, அதே மாதிரி மேலே பவும் தவும்." இந்த ராகத்தில் ஸரிகம எந்த இடைவெளியில் ஏறுகிறதோ, அதே இடைவெளியில்தான் பதநிஸ ஏறும். பாதியைப் பிடித்தால் மீதியும் வந்துவிடும். கற்றுக்குட்டிகளுக்கு இதை வைத்த சூட்சுமங்களில் அது ஒன்று. பல தடவைக்குப் பிறகு ஒரு 'த' சரியாக விழுந்தது போலிருக்கிறது. மாமி ஒன்றும் சொல்லாமல் அவரைக்காய்க்குத் திரும்பிவிட்டார்.

யூடியூபில் இருக்கிற வித்வான் என் பெண்ணுக்குப் பாடிக் காட்டுவார். அவள் பாடுவதைக் கேட்கமாட்டார். நான் கொடுக்கும் 250 ரூபாய் அந்தக் காதுக்கு வாடகை. மச்சானிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, அவர் காதும் என் காது மாதிரிதான்.

"அந்தக் காலத்தில் குருகுலம், காசே கிடையாது" என்று பெருமூச்சு விடுகிறவர்களிடமும் எனக்குக் கணக்கு உண்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் குருகுலவாசம் செய்துதான் கற்றார். குருகுலம் என்றால் தண்ணீர் இறைக்கணும், துணி துவைக்கணும், கடைக்கு ஓடணும். என் பெண்ணிடம் அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொல்லிப் பாருங்கள். மாசம் ரெண்டாயிரம் மலிவு என்பது தெரிந்துவிடும்.

காசு முடியாதவர்களுக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. மூன்று வருஷப் படிப்பு, நாகஸ்வரம், தவில், தேவாரம் வரைக்கும் உண்டு, கட்டணமும் சொற்பம். 12 வயது ஆகியிருக்க வேண்டும். என் பெண்ணுக்கு ஒன்பது.

உண்மையான செலவு மாமி வீட்டில் ஆவதில்லை. தினம் சாயங்காலம் அரை மணி அவள் வீட்டில் பாட வேண்டும். அந்த அரை மணிக்கு டிவி கிடையாது, மிக்ஸி கிடையாது, கீழ் வீட்டுக்காரருக்கு நிம்மதி கிடையாது. ஒரு வாரம் பாடாமல் போனால் மாமி கண்டுபிடித்து அதே வரிசையைத் திரும்ப ஆரம்பிப்பார். அதாவது ஏற்கெனவே வாங்கிய சரக்கை அதே விலைக்கு மறுபடி வாங்குகிறேன். மாமியின் ஃபீஸில் பேரம் பேசுவதைவிட அந்த அரை மணியைக் காப்பாற்றுவது லாபம் என்பது என் தொழில்முறை அபிப்பிராயம்.

மாமி விடியற்காலை ஐந்தரைக்கே அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கிளாஸ் எடுக்கிறார். குரல் சற்றுத் தாமதித்துப் போய்ச் சேருவதால் சேர்ந்து பாட முடியாது, தாளம் நிற்காது. இவர் பாடி நிறுத்த, அவர்கள் திருப்பிப் பாட வேண்டும். அவர்களுக்கு ஃபீஸ் டாலரில். எதிரே உட்கார்ந்து அதட்டு வாங்கும் வசதி ரூபாயில் கிடைப்பதை நான் வெளியில் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

தை மாதத்திலிருந்து ஃபீஸ் 2,500. கிளாஸுக்கு 312 ரூபாய் 50 காசு. முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டேன். மாமி ரசீது தருவதில்லை, அது ஒன்றுதான் உறுத்துகிறது.