மணவூரில் மணல்: ஒரு திணைமயக்க ஆராய்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

1997 மே மாதம் மணவூரிலிருந்து ஒரு குடும்பம் ராமேஸ்வரம் தீவுக்குப் போய், மூன்று பகலும் இரண்டு இரவும் தங்கிவிட்டு வந்தது. போனவர்கள் ஏழு பேர். திரும்பியவர்களும் ஏழு பேர்தான். ஆனால் டிக்கெட் எடுக்காமல் கொஞ்சம் மணலும் கூடவே வந்துவிட்டது. அந்த மணல் வீட்டில் எங்கெங்கே குடியேறியது, எத்தனை காலம் தங்கியது, ஏன் வெளியேற மறுக்கிறது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். மணல் ஒட்டுவதற்குக் காரணம் ஈரம். போகாமல் இருப்பதற்குக் காரணம் வேறு என்பது நமது துணிபு. அது இறுதியில் நிறுவப்படும்.

1. நிலமும் பொழுதும்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம் தாண்டினால் மணவூர். மேற்கே திருத்தணி மலையில் முருகன் இருப்பதால் அப்பக்கம் குறிஞ்சி. ஊரைச் சுற்றி நெல்லும் கரும்பும் விளைவதால் இப்பக்கம் மருதம். நெய்தலுக்கு இங்கே பட்டா இல்லை. கடலைக்கொல்லை உண்டு, கடல் கிடையாது. மணவூருக்கும் மணலூருக்கும் ஓர் எழுத்துத்தான் தூரம் என்றாலும், எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த மணலெல்லாம் கொசஸ்தலை ஆற்று மணல். அது வீடு கட்டுவதற்கு ஆனது, விளையாடுவதற்கு அல்ல.

ஒரு திணைக்குரிய பொருள் இன்னொரு திணையில் வந்து நிற்பதைப் புலவர்கள் திணைமயக்கம் என்பார்கள். நெய்தல் மணல் மருத நிலத்துத் தலையணை உறைக்குள் கிடப்பதைக் குறிக்கவும் இச்சொல்லே போதும் என்க. பொழுது: கோடை விடுமுறை.

2. முன்னோடிகள்

எமக்கு முன்பே கடலுக்கும் இப்பகுதிக்கும் போக்குவரத்து இருந்திருக்கிறது. மணவூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. கடற்கரை ஊரான காரைக்காலில் பிறந்த அம்மையார் கடைசியில் வந்து சேர்ந்தது அங்கேதான். கடாரம் வரை கப்பல் அனுப்பிய ராஜேந்திர சோழனின் செப்பேடு கிடைத்ததும் அதே ஊரில்தான். அலையே காணாத ஊரில் கடற்படை வெற்றிக்குச் சான்று கிடைத்திருக்கிறது என்றால், எங்கள் வீட்டுப் பரணில் கடல் மணல் கிடைப்பதில் வியப்பென்ன?

மணலின் பிடிவாதத்துக்குத் தலபுராணமே சாட்சி. ராமேஸ்வரத்தில் சீதை மணலால் பிடித்த லிங்கத்தை, கைலாசத்திலிருந்து வேறொரு லிங்கத்தோடு தாமதமாக வந்து சேர்ந்த அனுமன் வாலால் சுற்றி இழுத்துப் பார்த்தும் பெயர்க்க முடியவில்லை என்பது கதை. அனுமனால் ஆகாதது எங்கள் வீட்டுத் தென்னந்துடைப்பத்தால் ஆகவில்லை என்பதில் துடைப்பத்துக்கு இழுக்கில்லை.

3. ஆய்வுக் குழு

ஆயா, அப்பா, அம்மா, அத்தை, மாமா, தங்கை, பத்து வயதுக் கட்டுரையாளர். பயணத்தின் பெயர் சுற்றுலா அல்ல. அப்படிச் சொல்லியிருந்தால் ஆயா வந்திருக்கமாட்டாள். தாத்தாவுக்குத் திதி கொடுப்பதுதான் அறிவிக்கப்பட்ட நோக்கம். தமிழ்க் குடும்பங்கள் கடற்கரைக்குச் சும்மா போவதில்லை. முன்னோர்களை முன்னிறுத்தித்தான் போகும். தர்ப்பணம் அரை மணி நேரம், தண்ணீரில் ஆட்டம் அரை நாள் என்ற விகிதத்தை எந்த முன்னோரும் இதுவரை ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

கருவிகள்: ஒரு பச்சை ரெக்ஸின் பை, இரண்டு மஞ்சப்பை, ஒரு தூக்குவாளி புளிச்சோறு, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எள்ளுருண்டை ஒரு டப்பா. எழும்பூரிலிருந்து இரவு ரயில். விடிந்ததும் பாம்பன் பாலம். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தில் ரயில் நடைவேகத்தில் போனது. இரண்டு பக்கமும் கடல் தவிர வேறில்லை. ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஜன்னல் வழியாகக் காசு போட்டாள். தங்கைக்கும் ஒரு நாணயம் கொடுத்தாள். தங்கை அதைப் போடவில்லை. அந்த நாணயம் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.

4. மாதிரி சேகரிப்பு

முதல் நாள், கோயிலுக்கு எதிரே அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. பெயர்தான் அக்னி, அலையில்லாத, குளம் போன்ற கடல். அங்கிருந்து சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் போய் 22 தீர்த்தம். ஒவ்வொரு கிணற்றிலும் மேலே நின்றவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றினார். ஆய்வாளர் கவனிக்கத்தக்கது இதுதான்: ஒரு கடலில் ஒட்டிய மணலை 22 கிணறுகள் சேர்ந்தும் கழுவ முடியவில்லை. பாவம் போயிற்றா என்பதை அளக்கும் கருவி எம்மிடம் இல்லை. மணல் போகவில்லை.

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை 2017-இல்தான் திறக்கப்பட்டது. அன்று மணலிலும் தேங்கிய நீரிலும் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேன்தான். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் ஊரும், வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் போன கதையை டிரைவர் சொல்லிக்கொண்டே ஓட்டினார். கூரையில்லாத தேவாலயச் சுவரின் அருகே வேன் நின்றது. ஆயா இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டாள். யாரும் சொல்லவில்லை. நாங்களும் கழற்றினோம்.

ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்கள் அமைதியானதைப் பெண்கடல் என்றும் அலையடிப்பதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். விருந்தாளி வந்தால் உள்ளறையிலிருந்து சட்டை மாட்டிக்கொண்டே வெளியே வரும் அப்பா, அங்கே பனியனோடு ஈரமணலில் உட்கார்ந்துவிட்டார். தங்கை அவர் காலை முழங்கால் வரை மூடித் தட்டிக் கொடுத்தாள். அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து வந்த ஓர் அலை அவளை அப்படியே உட்காரவைத்தது. எழுந்திருக்க முடியாமல் சிரித்தாள். கை கொடுக்கப் போன அத்தையும் விழுந்தாள். மணவூரில் அம்மா சத்தமாகச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை.

மணல் பெருமளவில் சேகரமானது இந்தக் கால்மணி நேரத்தில்தான்.

5. வகைப்பாடு

0.06 மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள துகள்களை மணல் என்று மண்ணியலார் வகுப்பர். அளவு நோக்கிய இவ்வகைப்பாடு குடும்பத்துக்குப் பயன்படாது. இடம் நோக்கிய வகைப்பாடு வருமாறு:

அ) தலைமணல்: முடி வேரில் தங்குவது. எண்ணெய்க் குளியல் மூன்றில் நீங்கும்.

ஆ) உண்மணல்: எள்ளுருண்டையில் கலந்தது. பல்லில் நறநறவென்று தெரியும். டப்பா காலியாகும் வரை ஆயுள்.

இ) பெயர்மணல்: கால்மிதியில் தொடங்கி, பாய்க்குப் போய், தலையணைக்கு ஏறுவது. ஆடி வரை இருந்தது.

ஈ) பைமணல்: ரெக்ஸின் பையின் அடித்தையலில் குடிகொண்டது. இன்றுவரை உள்ளது.

உ) முடிச்சுமணல்: இது தானாக வந்ததன்று, கொண்டுவரப்பட்டது. சேதுவில் மணல் எடுத்துப் பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கைநீர் கொண்டுவந்து ராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்தால் காசி யாத்திரை நிறைவுறும் என்பது வழக்கம். ஆயா ஒரு கைப்பிடி அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தாள். திரும்பும் ரயிலில் நான் அதை அவிழ்க்கப் போனபோது, "கொட்டிடாதடா, அது காசிக்குப் போற மண்ணு" என்றாள்.

6. மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

வீட்டில் கிடப்பது தீவின் மணலே அல்ல, பக்கத்து மனையில் கட்டட வேலைக்குக் கொட்டிய ஆற்று மணல் காற்றில் வந்தது என்பார் மாமா. அவர் கொத்தனார் ஆகையால் இக்கூற்றை எளிதில் தள்ள இயலாது. "உப்பு மண்ணு கம்பியைத் துரு ஏத்தும், அது ஊட்டுக்கே ஆகாது" என்பதும் அவர் கட்சி. நகரியில் வாழ்க்கைப்பட்ட அத்தையோ, எதுவானாலும் 'இசுக' இசுகதான் என்று தெலுங்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஆகவே பரிசோதனை தேவைப்பட்டது. பைமணலில் ஒரு சிட்டிகை, பக்கத்து மனை மணலில் ஒரு சிட்டிகை, இரண்டு எவர்சில்வர் தட்டு, ஒரு எலுமிச்சம்பழம். கடற்கரை மணலில் சிப்பியும் பவளமும் உடைந்த துகள்கள் கலந்திருக்கும். அவை சுண்ணாம்பு, புளிப்புப் பட்டால் நுரைக்கும். ஆற்று மணலில் பெரும்பாலும் படிகக்கல் துகள்கள். அவற்றுக்கு எலுமிச்சை ஒரு பொருட்டல்ல. சாறு பிழிந்ததும் பக்கத்து மனைத் தட்டு சும்மா இருந்தது. பைமணல் தட்டில் பொடிப்பொடியாக நுரை எழும்பியது. மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "சரி, சோப்புத் தண்ணியா இருக்கும்" என்றார்.

மாமாவின் இந்த ஐயம் தற்செயலாக ஒரு பெரிய உண்மைக்கு வழிவிட்டது. அந்தப் பை சோப்புத் தண்ணீரையே கண்டதில்லை.

7. காரணம் காண்டல்

ஈரமான மணல் துகள்களுக்கிடையே நீர் மெல்லிய பாலம் போல் நின்று பிடித்துக்கொள்கிறது. காய்ந்தால் பாலம் அறும், தட்டினாலே உதிரும். இது இயற்பியல். இதன்படி பைமணல் 1997 ஜூனிலேயே போயிருக்க வேண்டும்.

எங்கள் அம்மா நாளைக்கு இருமுறை வீடு பெருக்குபவள். சட்டைப் பையில் மறந்த பஸ் டிக்கெட்டையும் சேர்த்துத் துவைப்பவள். பொங்கலுக்குப் பொங்கல் பரணிலிருந்து எல்லாம் இறங்கும், கழுவப்படும், வெயிலில் கவிழ்க்கப்படும். பச்சைப் பையும் இறங்கும். அம்மா ஜிப்பைத் திறந்து உள்ளே பார்ப்பாள், ஜிப்பை மூடுவாள், ஈரத்துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துப் பரணில் ஏற்றுவாள். கட்டுரையாளர் பல பொங்கல்களில் நேரில் கண்டது இது. ஆகவே மணலைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டார் உடந்தை.

8. முடிவுரை

தீவுக்குப் போகும் குடும்பங்களுக்கு எமது பரிந்துரைகள் மூன்று. மணலைக் காயவிட்டுத் தட்டுங்கள், ஈரத்தில் தேய்க்காதீர்கள். எள்ளுருண்டை டப்பாவுக்கு இறுக்கமான மூடி பாருங்கள். ஒரு பையை மட்டும் கழுவாமல் விடுங்கள்.

பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆயா இப்போது இல்லை. காசிக்குப் போகவுமில்லை. மஞ்சள் முடிச்சு பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. சென்ற தையில் மாமா மகன் காசிக்குக் கிளம்பினான், பிரயாகையும் போவதாகச் சொன்னான். முடிச்சைக் கொடுத்தனுப்பலாமே என்று கேட்டேன். அம்மா அலமாரிக் கதவைச் சாத்தினாள். "பாவம், அவனுக்கு எதுக்கு அவ்ளோ சுமை" என்றாள்.

சமையலறைத் தராசில் முடிச்சின் எடை, துணியோடு சேர்த்து, 84 கிராம்.