ஒன்ராறியோவில் பவுசர் ஓட்ட விரும்பும் மருமகனுக்கு

ரொறன்ரோ, கனடா.

அன்புள்ள மருமகன் அறிவது,



திரவம் ஏற்றும் தொட்டி லொறியான பவுசரை ஒன்ராறியோ மாகாணத்தில் ஓட்டும் சாரதியைப் பற்றி யாழ்ப்பாணத்தில் நிலவும் கருத்து, பெரிய லொறி, பெரிய சம்பளம், ஒரு கையில் ஸ்டியரிங், மறுகையில் கோப்பி என்னும் நான்கு கூறுகளைக் கொண்டது; அவற்றுள் லொறி பெரியது என்பது மட்டுமே ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஏனையவற்றை மருமகன் விமானமேறுமுன் அறிந்துகொள்வது நல்லது என்பதால், அத்தொழிலின் இயல்புகள் இக்கடிதத்தில் முறைப்படி விளக்கப்படுகின்றன.

இழுக்கும் வாகனத்துடன் பின்னால் பாரமான தொட்டி தொடுக்கப்பட்ட லொறியை ஓட்டுவதற்கு ‘ஏ’ வகை அனுமதிப்பத்திரமும், காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்குக்கான ‘இசட்’ தகுதியும் தேவைப்படுகின்றன. ‘ஏ’ வகையைப் பெறுவதற்கு 2017 ஜூலை 1 முதல் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அந்த அரை மணித்தியாலத்தில் எதனைக் கற்பது என்பது ஆய்வுக்குரியதாயினும், 103 போதும் என்று கருதுவோர் பரீட்சைக்கு அனுமதிக்கப்படுவதில்லை. நாள்தோறும் புறப்படுமுன் வாகனத்தைச் சுற்றிவந்து பிரேக், சில்லு, விளக்கு, இணைப்புக் குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவு செய்வது ‘சேர்க்கிள் செக்’ எனப்படும். சில்லைக் காலால் ஒருமுறை தட்டிவிட்டுப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு புறப்படும் நம்மவர் மரபில், முதற்பாதி அச்சோதனைக்கு ஈடாக ஏற்கப்படுவதில்லை, பிற்பாதிக்குத் தடையில்லை. எரிபொருள் ஏற்றுவோர் ஆபத்தான பொருட்களைக் கொண்டுசெல்வதற்கான பயிற்சிச் சான்றிதழையும் பெற்று, அதனை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தொட்டியின் பக்கங்களில் காணப்படும் சிவப்புச் சாய்சதுரமும் 1203 என்னும் இலக்கமும் உள்ளே பெற்றோல் உள்ளது என்பதை உலகெங்கும் ஒரே விதமாக அறிவிப்பவை.

இவை யாவும் கடதாசி வேலைகளே. தொழிலின் உண்மையான சிக்கல் திரவத்தின் குணத்தில் உள்ளது. பெட்டி லொறியில் ஏற்றிக் கட்டப்பட்ட அரிசி மூட்டை, சாரதி நிறுத்தினால் தானும் நிற்கிறது. திரவமோ, வெப்பத்தில் விரிவதற்கென்று தொட்டியில் வெற்றிடம் விடவேண்டியிருப்பதால், அந்த இடத்தைத் தன் நடமாட்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. பிரேக் மிதிக்கப்பட்டதும் வாகனம் நின்றுவிட, திரவம் நிற்காமல் முன்சென்று தொட்டிச் சுவரில் மோதி, நின்ற வாகனத்தையே மறுபடியும் தள்ளுகிறது. ‘சேர்ஜ்’ எனப்படும் இவ்வலைவு, பனிக்கட்டி படர்ந்த சந்தியில் சிவப்பு விளக்குக்கு முன்னால் சட்டப்படி நின்ற சாரதியைச் சட்டவிரோதமாகச் சந்தியின் நடுவே கொண்டுசேர்க்கும் ஆற்றல் உடையது. துளையிட்ட குறுக்குச் சுவர்கள் பல தொட்டிகளில் பொருத்தப்பட்டு முன்பின் அலைவு குறைக்கப்படினும், பக்கவாட்டு அலைவை அவை தடுப்பதில்லை. தொட்டியின் பாரமும் உயரத்தில் அமைவதால், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் மஞ்சள் பலகை காட்டும் வேகம் கார்களுக்குப் பொருந்தினாலும், பவுசருக்கு அது குடைசாய்வதற்குப் போதுமானது.

ஆபத்தானது பெற்றோல், சாதுவானது பால் என்னும் பொதுவான எண்ணமும் இங்கு திருத்தப்பட வேண்டியதாகிறது. குறுக்குச் சுவர் இருந்தால் மூலைகளைக் கழுவிச் சுத்தமாக்குவது கடினம் என்பதால் பால் தொட்டிகள் உள்ளே தடையின்றி வழவழப்பாகச் செய்யப்படுகின்றன. ஆகவே, அரைகுறையாக நிரம்பிய பால் பவுசரே அலைவில் முதலிடம் பெறத்தக்கது. தைப்பொங்கலன்று பால் எத்திசையில் பொங்கி வழிகிறது என்று பார்த்து வெவ்வேறு பலன் சொல்லப்படுவதுண்டு. 401ஆம் நெடுஞ்சாலையின் வளைவில் அது எத்திசையில் சரிந்தாலும் பலன் ஒன்றே. அடர்த்தியும் இங்கு கவனிக்கத்தக்கது: ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 0.74 கிலோவும் செறிந்த சல்பூரிக் அமிலம் 1.84 கிலோவும் நிறையுடையவையாதலால், அமிலம் ஏற்றும்போது தொட்டி நிரம்புமுன்னரே சட்டம் அனுமதிக்கும் நிறை எட்டப்பட்டு, எஞ்சிய வெற்றிடம் அலைவுக்கே விடப்படுகிறது.

எரிபொருள் பவுசரில் சாரதி ஓட்டுவதோடு நில்லாமல், எண்ணெய்க் களஞ்சியத்தில் தாமே ஏற்றி, நிரப்பு நிலையத்தில் தாமே இறக்கவும் வேண்டும். பெற்றோலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது அதன் ஆவி ஒரு பொறியால் பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை, சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் ஆகையால், சாரதியின் விரல்கள் விறைத்துச் செயலிழக்கும் தைமாதத்து இரவிலும் பெற்றோல் சுறுசுறுப்பாகவே இருக்கிறது. உராய்வால் தோன்றும் நிலைமின் பொறியைத் தவிர்க்க, ஏற்றுமுன் தொட்டியை மின்னிணைப்புக் கம்பியால் நிலத்துடன் தொடுப்பது கட்டாயம். இறக்கும்போது நிலத்தடித் தொட்டியில் எவ்வளவு இடமுள்ளது என்று முதலில் அளந்து, எரிபொருளுக்கு ஒரு குழாயும் திரும்பிவரும் ஆவிக்கு ஒரு குழாயும் பொருத்தி, எந்த மூடியின் கீழே எந்த எரிபொருள் என்பதை மறுமுறையும் பார்க்க வேண்டும். டீசல் தொட்டிக்குள் பெற்றோலை இறக்குபவர், பல்லாண்டு உழைத்தும் பெறமுடியாத புகழை அப்பகுதி வாகன உரிமையாளர் அனைவரிடமும் ஒரே நாளில் பெற்றுவிடுகிறார்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு நாளில் 13 மணித்தியாலங்களுக்கு மேல் ஓட்டுவதும், ஓட்டுதலும் ஏனைய வேலைகளும் சேர்ந்து 14 மணித்தியாலங்களைக் கடந்தபின் ஓட்டுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. இயந்திரத்துடன் இணைந்த மின்னணுப் பதிவுக் கருவி அதனைக் கணக்கிடுவதால், “இன்னும் ஐந்து நிமிடத்தில் வீடு” என்னும் வாதம் அதனிடம் எடுபடாது. பெரிய லொறிகளின் உச்ச வேகம் மணிக்கு 105 கிலோமீற்றரைத் தாண்டாதவாறு 2009 முதல் இயந்திரத்திலேயே கட்டுப்படுத்தப்பட்டுள்ளமையால், ஏ9 வீதியில் தனியார் பஸ்களை முந்திச் சென்ற அனுபவமும் விண்ணப்பத்தில் எழுதத்தக்க தகைமையன்று. சம்பளம் நல்லது என்பதில் பொய்யில்லை. எனினும் அது வேகத்துக்கன்றி நிதானத்துக்கே வழங்கப்படுகிறது என்பதும், புதியவருக்குப் பெரும்பாலும் பழையவர்கள் வேண்டாமென்று விட்ட இரவு வேலையே கிடைக்கும் என்பதும் உடன் அறியத்தக்கவை.

ஆகவே, துணிச்சல்காரருக்கு இத்தொழில் ஆகாது. பொறுமைசாலிக்கு இதனைவிட உறுதியான தொழில் இங்கு குறைவு. மருமகன் இரண்டாம் வகையினர் என்றால், புறப்படுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குச் சென்று, எத்தனை ஆண்டுகளாகச் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறார் என்பதை உறுதிப்படுத்தும் கடிதத்தை ஆங்கிலத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். லொறிக்கு முன் கார் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியிருப்பதால், அக்கடிதம் இல்லாதவரின் காத்திருப்புக் காலம் நீள்கிறது.

இப்படிக்கு,
அன்பு மாமா