ஒத்த ஹெட்போன் இரண்டனுள் ஒன்று தேர்தல்: மூலமும் உரையும்

ஒத்தன இரண்டனுள் ஒன்று தேர்தல்
செவியொடும் படாஅது விலையொடும் படாஅது
அருகுநின் றுரைப்போன் வாயொடு படுமே.

இஃது என் நுதலிற்றோ எனின், ஏறக்குறைய ஒரே உருவில், ஏறக்குறைய ஒரே விலையில், ஏறக்குறைய ஒரே ஓசை தரும் இரண்டு ஹெட்போன்களுக்கு நடுவே திகைத்து நிற்பவன் கடைசியில் எதைக் கொண்டு முடிவெடுக்கிறான் என்பது உணர்த்துதல் நுதலிற்று. 'அருகுநின்று உரைப்போன்' என்றது கடைப்பையனை. மைத்துனனைச் சுட்டிற்று என்பாரும் உளர். இரண்டும் கொள்க.

ஹெட்போனின் தோற்றக் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1910ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டாவில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தம் கையால் செய்த ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை சோதித்துப் பார்த்து இன்னும் வேண்டும் என்றது. அவரோ ஒரு தடவைக்குப் பத்துதான் முடியும் என்றார். பட்டறை அவர் வீட்டு அடுக்களை. பத்தும் ஒரு கை வேலை என்பதால் எது நல்லது என்று எந்த மாலுமியும் தூக்கம் கெட்டிருக்க வழியில்லை. 1958இல் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும் அது வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கும் பொருளாகவே இருந்தது. 1979இல் வாக்மன் வந்து ஹெட்போன் தெருவில் இறங்கியது. தேர்வுத் துன்பத்தின் கடைச்சங்க காலம் அங்கே தொடங்குகிறது.

இனி ஆய்வு எல்லை. உலகிலுள்ள எல்லா ஹெட்போனையும் ஒப்பிடப் புகுந்தால் ஆய்வாளன் ஆயுள் போதாது. ஆகவே, நடுத்தரக் குடும்பத்தில் ஒரு மாதச் சண்டைக்குப் போதுமான விலையுள்ள இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: சோனி நிறுவனத்தின் டபிள்யூ.எச்-1000எக்ஸ்எம்4, அதன் தம்பி டபிள்யூ.எச்-1000எக்ஸ்எம்5. முன்னது 2020இல் வந்தது, பின்னது 2022இல். பெயர் வைத்தவருக்குப் பிள்ளைப்பாசம் குறைவு. இவை இனி 'நான்கு', 'ஐந்து' என்றே சுட்டப்படும்.

இரண்டும் ஒரு மூலத்திலிருந்து பெயர்த்தெழுதிய இரு சுவடிகள் போல்வன. எனவே பாடவேறுபாடு நோக்குவதே முறை.

எடை: நான்கு 254 கிராம், ஐந்து 250 கிராம். நான்கு கிராமெல்லாம் ஒரு வேறுபாடா என்று நகைப்பவர் நகைக்கடைப் பக்கம் போகாதவர். அங்கே நான்கு கிராம் என்பது அரைப் பவுன். நிச்சயித்த கல்யாணம் நிற்கக்கூடிய எடை. தலையில் மாட்டும் பிளாஸ்டிக்கிலோ அதை மயிரிழையும் உணராது.

ஓசை எல்லை: இரண்டுக்கும் 4 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று குறிப்பேடு கூறும். நல்ல இளம் மனிதச்செவி கேட்பது 20 முதல் 20,000 வரை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும். நாற்பதைத் தாண்டிய பலருக்கு 15,000 எட்டுவதே பெரும்பாடு. அற்றேல், எஞ்சிய இருபதாயிரமும் யாருக்கு எனின், வௌவாலுக்கு என்க. ஆனால் வாங்குபவர்களில் இந்த எண்ணைப் பார்த்து மயங்குகிறவர் நாற்பதைத் தாண்டியவர்தாம். கேளாததற்கும் சேர்த்துக் காசு கொடுப்பதில் ஒரு பெருந்தன்மை இருக்கத்தான் செய்கிறது.

உள்ளிருக்கும் டிரைவர்: நான்கில் 40 மில்லிமீட்டர், ஐந்தில் 30. பெரியதே ஓசைக்கு உடல் தரும் என்பர் ஒருசாரார். சிறியதே சட்டென்று அசைந்து தெளிவு தரும் என்பர் பிறிதொரு சாரார். கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்கச் சொன்னால் இருசாராரும் டீ குடிக்கப் போய்விடுவர்.

விலை கூடினால் ஓசையும் கூடுமன்றோ எனின், அற்றன்று. 2017இல் ஜெரோன் ப்ரீபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் ஓசை அளவீடுகளைத் தொகுத்து, அவற்றை விற்பனை விலையோடு பொருத்திப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பதே முடிவு. இது போலி ஆய்வு அன்று, மெய்யாய்வு. இப்படி ஓர் ஆய்வு வந்தும் ஹெட்போன் விலை ஒரு ரூபாய் இறங்கவில்லை என்பதிலிருந்து ஆய்வுகளுக்கு நாட்டில் உள்ள மதிப்பை அறிக.

இரைச்சல் நீக்கம்: இதற்கு ஐந்தில் எட்டு மைக், நான்கில் அதில் பாதி. இரண்டுமே மின்விசிறி, ஏ.சி., பஸ் எஞ்சின் போன்ற தாழ்ந்த, விடாத முழக்கத்தை நன்றாக விழுங்கும். திடீரென்று எழும் கூர்மையான ஓசையிடம் இரண்டுமே தடுமாறும். அதாவது, குக்கர் விசிலும், "எத்தன தடவ கூப்பிடுறது?" என்ற குரலும் மைக் எட்டானாலும் உள்ளே வந்தே தீரும்.

ஆய்வாளன் கண்டு மகிழ்ந்த ஒரே மெய்யான வேறுபாடு கீலில் உள்ளது. நான்கு உள்நோக்கி மடங்கிச் சுருங்கும். ஐந்து மடங்காது, காதுப்பகுதியைத் திருப்பித் தட்டையாக்கலாம், அவ்வளவே. அதனால் அதன் பெட்டி பெரிது, ஆபீஸ் பையில் டிபன் பாக்ஸோடு இடத்துக்குச் சண்டை போடும். இதை ஒரு குறையென்று கொள்ளலாமா என்று ஐயுறுவார்க்கு விடை: 2025இல் வந்த ஆறாவது மறுபடி மடங்குகிறது, எடையும் மறுபடி 254 கிராம். நூலாசிரியரே ஒரு பதிப்பில் விட்ட பாடத்தை அடுத்த பதிப்பில் மீட்டுச் சேர்த்தபின் எது நற்பாடம் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டா.

பொருள் முடிந்தது, இனி இடம்.

தெருவே மாடமே திரையென மூன்றும்
கொள்ளிடம் என்ப கொடுக்கல் அறிந்தோர்.

தெரு என்றது அண்ணா சாலையிலிருந்து திரும்பினால் வரும் ரிச்சி தெருவை. அங்கே கிடைக்காதது இல்லை. கிடைப்பதெல்லாம் அதுவேயும் அல்ல. ஒரிஜினல், மாஸ்டர் காப்பி, ஃபர்ஸ்ட் காப்பி எனச் சுவடி மரபில் உள்ளதைவிட நுட்பமான படிவகைகள் அங்குண்டு. பழகிய வியாபாரி மறைப்பதும் இல்லை. "சார், இது கம்பெனி பீஸ், இது காப்பி. பாத்தா ஒண்ணுதான். எது வேணும்?" என்று நேராகவே கேட்பார். அடுத்த கேள்வியில்தான் கண்டம்: "பில் வேணுமா சார்? பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்." ஹெட்போனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இந்த 18ஐ மிச்சம் பிடித்தவர், பின்னொரு நாள் இடப்பக்கக் காது ஊமையானதும் சர்வீஸ் சென்டரில் தாமும் ஊமையாய் நிற்பர்.

மாடம் என்றது மால். இங்குள்ள சிறப்பு, மாட்டிப் பார்க்கலாம் என்பது. இடரும் அதுவே. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சர், மன்சன் இருவரும் ஓர் உண்மையை அளந்து காட்டினர்: ஓசை தாழ்ந்திருக்கும்போது மனிதச்செவி பேஸை வெகுவாகத் தவறவிடும், ஓசையை ஏற்றினால் பேஸ் தானே திரண்டு வரும். ஆகவே இரண்டு ஹெட்போனில் எது சற்று உரக்கப் பாடுகிறதோ அதுவே நல்லது என்று காது தீர்ப்பெழுதிவிடும். கடைப்பையன் ஃபிளெட்சரைப் படித்தவன் அல்லன். ஆனால் எதை விற்க வேண்டுமோ அதை மாட்டும்போது வால்யூமில் இரண்டு புள்ளி ஏற்றத் தெரிந்தவன். இது வஞ்சகம் அன்று, தொழில். பாட்டையும் அவனே தேர்ந்தெடுப்பான், முதல் பத்து நொடியில் டிரம் அதிரும் பாட்டாக. போதாக்குறைக்கு மால் முழுவதும் ஏ.சி. முழக்கம், இரைச்சல் நீக்கம் எளிதில் வெல்லும் களம் அது. பொத்தானை அழுத்தியதும் உலகம் அடங்கிவிட, வாங்க வந்தவர் பர்ஸைத் தொடுவார்.

இதற்கு மாற்று உண்டு. நூறு முறை கேட்டுச் சலித்த உங்கள் பாட்டை உங்கள் ஃபோனிலேயே போடச் சொல்லுங்கள். வால்யூமை நீங்களே பிடித்து, இரண்டிலும் குரல் ஒரே உரப்பில் வரும்வரை திருகுங்கள். அதன்பின் வேறுபாடு கேட்டால் அது ஹெட்போனுடையது.

திரை என்றது கைப்பேசித் திரை. இதற்கு நீண்ட உரை வேண்டா. அங்கே அடித்துக் காட்டப்படும் பழைய விலை பெரும்பாலும் இடைச்செருகல். விற்பவர் யார், கோளாறு வந்தால் மாற்றித் தருவார்களா, பணமே திரும்புமா, எத்தனை நாள் கெடு என்னும் சிறிய எழுத்தே அங்கு மூலபாடம்.

துணிபு: பையில் போட்டுச் சுமப்பவர் நான்கைக் கொள்க. மேசையை விட்டு எழாமல் நாளெல்லாம் ஃபோனில் பேசுபவர் ஐந்தைக் கொள்க. பேச்சை எடுப்பதில் அதற்கே கை ஓங்கியிருக்கிறது. பாட்டு கேட்க மட்டும் என்றால் அன்றைக்கு எது மலிவோ அது. காது மாறி மாறிக் கேட்டுக் குழம்பியவர் மாலில் கேட்டு, தெருவில் விலை விசாரித்து, திரையில் ஒத்துப் பார்த்து வாங்கலாம். எங்கே வாங்கினாலும் பெட்டியிலும் ஹெட்போனிலும் உள்ள வரிசை எண் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.